1912-ல் கார்லைல் அணி ஆடிய சீசன்: பழைய அமெரிக்கக் கால்பந்துக் கணக்கைப் புரிந்துகொள்வது எப்படி

இரண்டு காலிலும் வெவ்வேறு காலணி போட்டு நிற்கும் ஒரு வீரரின் கறுப்பு வெள்ளைப் படம் அடிக்கடி நம் கைபேசிக்கு வந்து சேர்கிறது. அவர் ஜிம் தோர்ப். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டத்லான் (ஐந்து போட்டிகள் சேர்ந்தது), டெகத்லான் (பத்துப் போட்டிகள் சேர்ந்தது) இரண்டிலும் தங்கம் வென்ற அமெரிக்கப் பழங்குடி வீரர். அவரைப் பற்றிப் பேசும்போது இன்னொரு தகவலையும் சேர்த்துச் சொல்வார்கள்: அதே ஆண்டு அவர் தன் கல்லூரியின் கால்பந்து அணியை தேசிய சாம்பியன் ஆக்கினார் என்று.

அந்த ஒரு வரியில் கால்பந்து, கல்லூரி, சாம்பியன் என்று மூன்று சொற்கள் இருக்கின்றன. மூன்றையும் நாம் இன்றைய பொருளில் எடுத்துக்கொள்கிறோம். 1912-ல் அந்த இடத்தில் மூன்றுக்குமே பொருள் வேறு. அதோடு 'சீசன்' என்ற சொல்லும் வேறு. இந்தக் குழப்பம் தீராமல், தோர்ப் படித்த கார்லைல் என்ற சின்னப் பள்ளியின் அணி என்ன செய்தது என்பது பிடிபடாது. எனக்கு மிகவும் பிடித்த கதை இது. அதனால்தான் இதை அடியிலிருந்து சொல்ல ஆசைப்படுகிறேன்.

இது எந்தக் கால்பந்து?

அமெரிக்காவில் 'ஃபுட்பால்' என்றால் நாம் ஆடும் கால்பந்து அல்ல. இரு முனையும் கூம்பிய பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம். காலால் உதைப்பதும் உண்டு, ஆனால் சில தருணங்களில் மட்டும்.

ஒரு நீளமான வயலை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கோடியில் நம் வரப்பு, அந்தக் கோடியில் எதிரணியின் வரப்பு. பந்தைச் சுமந்துகொண்டு அவர்கள் வரப்பைத் தாண்ட வேண்டும். அவர்கள் பதினொரு பேர் குறுக்கே நிற்பார்கள். நம் பதினொரு பேரில் ஒருவர் பந்தோடு ஓட, மற்ற பத்துப் பேர் அவருக்கு வழி விலக்கிக் கொடுப்பார்கள். பந்து வைத்திருப்பவரைக் கீழே சாய்த்துவிட்டால் அந்த ஓட்டம் முடிந்தது. அவர் விழுந்த இடத்திலிருந்து அடுத்த ஓட்டம் தொடங்கும். இப்படித் தொடங்கி முடியும் ஒவ்வொரு முயற்சிக்கும் 'டவுன்' என்று பெயர்.

கபடியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் உடனே தெரியும். கபடியில் பிடிபட்டால் ஆட்டக்காரர் வெளியே போக வேண்டும். இங்கே பிடிபடுவது குற்றமே இல்லை. எத்தனை அடி முன்னே போய் விழுந்தோம் என்பதுதான் கணக்கு.

சரி, ஒரே அணி பந்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, விட்டே கொடுக்காமல் உட்கார்ந்துவிட்டால்? 1880களின் தொடக்கத்தில் உண்மையிலேயே அப்படி நடந்தது. பார்க்க வந்தவர்கள் வெறுத்துப் போனார்கள். அதற்காக 1882-ல் ஒரு விதி வந்தது. குறிப்பிட்ட எண்ணிக்கையிலான டவுன்களுக்குள் குறிப்பிட்ட தூரம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி புதிதாக அத்தனை வாய்ப்பு. முடியாவிட்டால் பந்து எதிரணிக்கு. கிரிக்கெட் பார்ப்பவர்களுக்காக இப்படிச் சொல்லலாம்: நான்கு பந்தில் பத்து ரன் எடுத்தால் இன்னும் நான்கு பந்து ஆடலாம், எடுக்கத் தவறினால் மட்டையைக் கொடுத்துவிட வேண்டும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: பந்தைச் சுமந்து எதிர் வரப்பைத் தாண்டும் ஆட்டம்; ஒரு முயற்சிக்கு டவுன் என்று பெயர்; டவுன்களுக்கு எண்ணிக்கை உண்டு, தூரம் உண்டு.

ஐந்து அடி, பத்து அடி, ஏழரை அடி

அந்த எண்ணிக்கையும் தூரமும் எப்படி மாறின என்று பார்த்தால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கக் கால ஆட்டம் முழுவதும் புரிந்துவிடும். இதை நிதானமாகப் பார்ப்போம்.

1882 முதல் 1905 வரை: மூன்று டவுனில் 5 கஜம். ஒரு கஜம் மூன்று அடி. அதாவது 15 அடியை மூன்று முயற்சியில் கடக்க வேண்டும். ஒரு முயற்சிக்கு 5 அடி.

ஐந்து அடி என்பது ஒரு ஆள் குப்புற விழுந்தாலே கிடைக்கும் தூரம். அதற்கு வேகம் வேண்டாம், தந்திரம் வேண்டாம். கனமான ஆட்கள் கூட்டமாகக் கைகோத்து, பந்து வைத்திருப்பவரைப் பின்னாலிருந்து தள்ளினால் போதும். எல்லா அணிகளும் அதைத்தான் செய்தன. திருவிழாவில் தேர் நிலையை விட்டுக் கிளம்பும்போது சக்கரத்துக்குப் பின்னால் எல்லாரும் தோள் கொடுப்பார்கள் அல்லவா, அதுபோல. ஆனால் இங்கே எதிர்ப்பக்கமும் அதே போல் ஒரு கூட்டம் தோள் கொடுத்து நிற்கும். நடுவில் அகப்பட்டவர்களின் கழுத்தும் விலாவும் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தலைக்கவசம் கட்டாயமில்லாத காலம் அது.

1905 ஆட்டக்காலத்தில் மட்டும் நாடெங்கும் 18 பேர் இந்த ஆட்டத்தில் இறந்ததாக 'சிகாகோ ட்ரிப்யூன்' பத்திரிகை கணக்குக் கொடுத்தது. பெரும்பாலானோர் பள்ளிப் பையன்கள், இளைஞர்கள். அதற்கு முன்பே, அந்த அக்டோபரில், அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்கு வரவழைத்துப் பேசியிருந்தார். சில கல்லூரிகள் ஆட்டத்தையே நிறுத்தின. இந்த நெருக்கடியில்தான் கல்லூரிகள் கூடி ஒரு சங்கம் வைத்தன. 1910 முதல் அதற்கு என்சிஏஏ என்று பெயர். இன்றும் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்துவது அதுதான்.

1906-ல் விதி மாறியது: மூன்று டவுனில் 10 கஜம். ஒரு முயற்சிக்கு 10 அடி. தள்ளுமுள்ளில் பத்து அடி கிடைக்காது. ஓட வேண்டும், ஏமாற்ற வேண்டும், அல்லது வீச வேண்டும். ஆம், பந்தை முன்னோக்கி வீசுவதும் அந்த ஆண்டுதான் முதல்முறையாக அனுமதிக்கப்பட்டது. இதற்கு 'ஃபார்வர்ட் பாஸ்' என்று பெயர். அதுவரை பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்கலாம். ஆனால் வீச்சுக்குக் கட்டுப்பாடுகள் நிறைய இருந்தன. பிடிக்கத் தவறினால் தண்டனை பெரிது. அதனால் பெரிய கல்லூரிகள் அதை நம்பவில்லை.

1910-ல், பந்து வைத்திருப்பவரைத் தள்ளுவதும் இழுப்பதும் தடை செய்யப்பட்டன. ஆட்டம் 15 நிமிடம் கொண்ட நான்கு பகுதிகளானது.

அப்புறம் 1912. மூன்று டவுன் நான்கு டவுன் ஆனது, தூரம் அதே 10 கஜம். ஒரு முயற்சிக்கு ஏழரை அடி. தள்ளினால் கிடைக்காத அளவு தூரம், ஆனால் வேகமாக ஓடினால் எட்டிவிடக்கூடிய தூரம். வீச்சை 20 கஜத்துக்கு மேல் போகக் கூடாது என்று கட்டியிருந்த விதியும் அதே ஆண்டு போனது. மைதானம் 110 கஜத்திலிருந்து 100 கஜமாகச் சுருங்கியது. இரு முனையிலும் 10 கஜ அகலத்தில் ஒரு பட்டை சேர்ந்தது. அந்தப் பட்டைக்குள் வீச்சைப் பிடித்தாலும் வரப்பைத் தாண்டியதாகக் கணக்கு.

இன்று தொலைக்காட்சியில் வரும் அமெரிக்கக் கால்பந்தின் எலும்புக்கூடு அந்த 1912-ல் உருவானதுதான். உடல் கனத்தை நம்பி ஆடிய அணிகளுக்கு இது கஷ்டம். கால் வேகத்தை நம்பி ஆடிய அணிக்கு இது வரம். கார்லைல் அப்படிப்பட்ட அணி.

புள்ளிக் கணக்கு

எதிர் வரப்பைத் தாண்டினால் 'டச்டவுன்'. 1911 வரை அதற்கு 5 புள்ளி, 1912 முதல் 6. டச்டவுனுக்குப் பிறகு, எதிர்க் கோடியில் நட்டிருக்கும் இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஒரு உதை; அதற்கு 1 புள்ளி. ஆட்டத்தின் நடுவிலேயே கம்பங்களுக்கு இடையே உதைத்து அனுப்பினால் 'ஃபீல்ட் கோல்', 3 புள்ளி.

1911 நவம்பரில் கார்லைல் ஹார்வர்டை 18–15 என்று வென்றது பெரிய செய்தி. அதில் தோர்ப் நான்கு ஃபீல்ட் கோல் அடித்தார். நான்கு மூன்று பன்னிரண்டு, ஒரு டச்டவுனுக்கு ஐந்து, அதன் பிறகான உதைக்கு ஒன்று, கூட்டினால் 18. அடுத்த ஆண்டின் விதியில் அதே ஆட்டத்தில் அவர்களுக்கு 19 கிடைத்திருக்கும். பழைய ஆட்டங்களின் எண்களை இன்றைய எண்களோடு அப்படியே ஒப்பிடக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

சீசன் என்பது போட்டித்தொடர் அல்ல

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். 'சீசன்' என்றதும் நமக்கு என்ன தோன்றுகிறது? இத்தனை அணிகள், ஒரு அட்டவணை, புள்ளிப் பட்டியல், அரையிறுதி, இறுதி. 1912-ல் கார்லைல் ஆடிய சீசனில் இவற்றில் எதுவுமே கிடையாது.

அது எப்படி நடந்தது என்று புரிய, ஒரு நாதஸ்வர வித்வானின் வருடத்தை நினைத்துப் பாருங்கள். பங்குனி, சித்திரை என்று திருவிழா மாதங்கள் வரும். யாரும் உட்கார்ந்து அவருக்கு அட்டவணை போட்டுத் தருவதில்லை. ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஆள் வந்து பேசுவார்கள், தேதி கேட்பார்கள், தொகை முடிவாகும், முன்பணம் கைமாறும். இன்று இந்த ஊர், நாளை மறுநாள் அந்த ஊர். பெயர் பெரிதானால் பெரிய கோயில்களிலிருந்து அழைப்பு வரும். மொத்தக் கச்சேரிகளும் சேர்ந்ததுதான் அவருடைய சீசன். ஒரு ஊருக்கும் இன்னொரு ஊருக்கும் சம்பந்தமில்லை.

கல்லூரிக் கால்பந்தும் அப்படித்தான். இலையுதிர் காலம்தான் ஆட்டக்காலம்: செப்டம்பர் கடைசியில் தொடங்கி, அன்று நவம்பர் கடைசி வியாழனில் வந்த நன்றி கூறும் நாளோடு முடியும். யாரோடு, எங்கே, எந்தத் தேதியில் ஆடுவது என்பதை அந்தந்தப் பள்ளியின் ஆட்களே எழுதிப் பேசி முடித்துக்கொள்வார்கள். வெளியூர் போய் ஆடும் அணிக்கு முன்பே பேசிய ஒரு தொகையோ, வாசல் வசூலில் ஒரு பங்கோ கிடைக்கும். சில பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் கூட்டமைப்பு வைத்திருந்தன. கார்லைல் எந்தக் கூட்டமைப்பிலும் இல்லை.

இந்தக் கண்ணோடு கார்லைலின் 1912 பட்டியலைப் படித்துப் பாருங்கள்.

செப்டம்பர் 21, சனி: ஆல்பிரைட் கல்லூரியோடு 50–7. புதன்கிழமை லெபனான் வேலியோடு 45–0. அதே வாரச் சனிக்கிழமை டிக்கின்சனோடு 34–0. டிக்கின்சன் கார்லைல் ஊருக்குள்ளேயே இருக்கும் கல்லூரி. அடுத்த புதன், அக்டோபர் 2, பக்கத்தில் ஹாரிஸ்பர்க்கில் வில்லனோவாவோடு 65–0. பன்னிரண்டு நாளில் நான்கு ஆட்டம். இவையெல்லாம் உடம்பைப் பழக்கும் ஆட்டங்கள். பெரிய அணிகள் எல்லாமே அன்று சீசனை இப்படி அக்கம்பக்கத்துச் சிறு கல்லூரிகளோடுதான் தொடங்கின. 65–0 என்ற எண்ணைப் பார்த்து வாய் பிளப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஃபீல்டிங் யோஸ்ட் பயிற்சி கொடுத்த மிச்சிகன் அணி 1901-ல் பதினொரு ஆட்டத்தில் 550–0 என்று முடித்தது இன்றும் பேசப்படுகிறது. அதில் 128 புள்ளி பஃபலோவோடு ஆடிய ஒரே ஆட்டத்தில் வந்தது. அந்த அணியின் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. கடைசி ஆட்டத்தில் ஸ்டான்ஃபோர்டையே 49–0 என்று வென்றவர்கள் அவர்கள். ஆனால் மொத்த எண்ணிக்கை எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்காமல் அதை வைத்து எதையும் நிறுவ முடியாது.

அக்டோபர் 5 முதல் கார்லைல் பட்டியலின் முகமே மாறுகிறது. வாஷிங்டன் அண்ட் ஜெபர்சன் கல்லூரியோடு 0–0 சமன். சிராக்கியூஸோடு 33–0. பிட்ஸ்பர்கோடு 45–8. ஜார்ஜ்டவுனோடு 34–20. லீஹையோடு 34–14. அப்புறம் ராணுவக் கல்லூரி, பென்சில்வேனியா பல்கலைக்கழகம், ஸ்பிரிங்ஃபீல்டு, பிரவுன். இதில் ஒன்றுகூடச் சொந்த மண்ணில் இல்லை! அக்டோபர் தொடங்கிய பிறகு அந்தப் பையன்கள் ரயிலிலேயே வாழ்ந்தார்கள் என்று சொல்லலாம். கார்லைல் சின்ன ஊர். பெரிய கூட்டம் வருவது பிட்ஸ்பர்க், பிலடெல்பியா போன்ற நகரங்களில். கூட்டம் இருக்கும் இடத்தில்தான் வசூல்.

இன்னொன்று: ஜார்ஜ்டவுன் ஆட்டம் அக்டோபர் 26 சனிக்கிழமை, வாஷிங்டனில். அக்டோபர் 28 திங்கட்கிழமை அதே அணி கனடாவின் டொரன்டோவில் ஒரு காட்சி ஆட்டம் ஆடி 49–1 என்று வென்றது. அந்த 1 எங்கிருந்து வந்தது? அமெரிக்க விதியில் டச்டவுன் போடாமல் ஒற்றைப் புள்ளியைத் தனியாக எடுக்க வழியில்லை. கனடா விதியில் உதைத்த பந்துக்கு ஒற்றைப் புள்ளி கிடைக்கும். கனடா விதியும் கலந்து ஆடிய ஆட்டம் அது. இந்த ஒரு இலக்கத்தில் எனக்கு அந்தச் சீசனின் முழுச் சாயலும் தெரிகிறது. போகிற இடத்தின் விதிக்கும் தேதிக்கும் வளைந்து கொடுத்து ஆடிய ஒரு பயண அணி.

பத்து வாரத்தில் பதினான்கு ஆட்டம். 12 வெற்றி, 1 தோல்வி, 1 சமன். எடுத்தது 504 புள்ளி, கொடுத்தது 114. தாக்கும்போதும் தடுக்கும்போதும் அதே பதினொரு பேர்தான் களத்தில். இன்றுபோல் தாக்குதலுக்கு ஒரு கூட்டம், தடுப்புக்கு ஒரு கூட்டம் என்று பிரித்து வைத்துக்கொள்ளும் வழக்கம் அன்று இல்லை.

சுருக்கமாக: சீசன் என்பது தனித்தனியாகப் பேசி முடித்த ஆட்டங்களின் வரிசை. எளிய ஆட்டங்கள் முன்னால், கடினமானவை பின்னால். எங்கே ஆடுவது என்பதைத் தீர்மானித்ததில் வசூலுக்குப் பெரிய பங்கு உண்டு.

கார்லைல் ஒரு கல்லூரி அல்ல

இதைச் சொல்லாமல் மேலே போகக் கூடாது. பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு பழைய ராணுவக் குடியிருப்பில், 1879-ல், ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்ற ராணுவ அதிகாரி தொடங்கிய உறைவிடத் தொழிற்பள்ளி அது. நாட்டின் பல பழங்குடி இனங்களிலிருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். வந்ததும் முடியை வெட்டினார்கள். தாய்மொழியில் பேசத் தடை. பெயரையே மாற்றினார்கள். பிள்ளைகளிடமிருந்து அவர்களுடைய இனத்தைப் பிடுங்கி எடுப்பதுதான் நோக்கம். பிராட் அதை மறைக்கவும் இல்லை, 1892-ல் மேடையிலேயே சொன்னார். நோயில் இறந்த பிள்ளைகளின் கல்லறைகள் இன்றும் அந்த வளாகத்தில் இருக்கின்றன. பல இனங்கள் நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்துத் தங்கள் பிள்ளைகளின் எலும்புகளைத் தோண்டி எடுத்து ஊருக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

பாதி நாள் பாடம், பாதி நாள் தச்சு, தையல், கொல்லு வேலை. படிப்பின் அளவும் கல்லூரி அளவு அல்ல. ஆனால் வயதில் பெரியவர்களும் அங்கே இருந்தார்கள். 1912-ல் தோர்ப்புக்கு வயது 25. அந்த வயதும் உடலும் இருந்ததால்தான் ஹார்வர்டு, யேல் போன்ற இடங்களோடு மோத முடிந்தது. 'கல்லூரி அணி' என்பது அவர்கள் யாரோடு ஆடினார்கள் என்பதை வைத்து வந்த பெயர்.

பயிற்சியாளர் கிளென் வார்னர். எல்லாரும் 'பாப்' வார்னர் என்பார்கள். அவருடைய ஆட்கள் பொதுவாக எதிரணியைவிட எடை குறைந்தவர்கள், எண்ணிக்கையிலும் குறைவு. அதனால் தள்ளுமுள்ளை விட்டு, ஏமாற்று ஓட்டங்களையும் வீச்சையும் வளர்த்தார். பெரிய கல்லூரிகள் ஃபார்வர்ட் பாஸைத் தொடவே தயங்கிய 1907-ல் கார்லைல் அதை வைத்தே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தை 26–6 என்று வென்றது. இதை வார்னரின் மூளை என்று மட்டும் எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. காகிதத்தில் வரையும் திட்டத்தைக் களத்தில் கண் இமைக்கும் நேரத்தில் செய்து காட்டியவர்கள் அந்தப் பையன்கள். 1912-ல் அணியை நடத்திச் சென்ற கஸ் வெல்ச், முரட்டு ஆட்டக்காரர் ஜோ கையன், இவர்களையெல்லாம் தோர்ப்பின் நிழலில் மறந்துவிடுகிறோம். இருவரும் ஓஜிப்வே இனத்தவர். தோர்ப் சாக் அண்ட் ஃபாக்ஸ் இனத்தவர். வெவ்வேறு மொழி பேசும் வெவ்வேறு மக்களின் பிள்ளைகள் அந்த அணியில் ஒன்றாக நின்றார்கள்.

நவம்பர் 9, வெஸ்ட் பாயிண்ட்

சீசனின் பதினோராவது ஆட்டம். எதிரில் அமெரிக்க ராணுவ அதிகாரிகளை உருவாக்கும் கல்லூரி. இடம், நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையில் உள்ள வெஸ்ட் பாயிண்ட். 1890-ல் தெற்கு டகோட்டாவில் வூண்டட் நீ என்ற இடத்தில் அமெரிக்க ராணுவம் நூற்றுக்கணக்கான லகோட்டா மக்களைச் சுட்டுக் கொன்றது. அதற்குப் பிறகு 22 ஆண்டுதான் ஆகியிருந்தது. ஒரு பக்கம் அந்த ராணுவத்தின் வருங்கால அதிகாரிகள். மறுபக்கம் பழங்குடிப் பிள்ளைகள். களத்தில் நின்ற யாருக்கும் இது தெரியாமல் இருந்திருக்காது.

ராணுவ அணி கனமானது. கார்லைல் ஆட்களை இரு ஓரத்திலும் விரித்து நிறுத்தி ஆடியது. இரண்டு ஓட்டக்காரர்களைப் பின்வரிசையிலிருந்து எடுத்து, முன்வரிசையின் இரு ஓரங்களுக்குப் பக்கத்தில் நிறுத்தும் முறை இது. 'டபுள் விங்' என்பார்கள். பயன் என்ன? பந்து யாரிடம் போகும், எந்த ஓரத்தில் கிளம்பும், ஓட்டமா வீச்சா என்று எதிரணியால் முன்கூட்டியே ஊகிக்க முடியாது. நடுவில் கூட்டமாக நின்றால் ஓரத்தில் ஓடிவிடுவார்கள், ஓரத்துக்குப் பரவினால் நடுவில் புகுந்துவிடுவார்கள். ஒரு முயற்சிக்கு ஏழரை அடி தேவை என்ற புது விதியோடு இதைச் சேர்த்துப் பாருங்கள், முன்பு சொன்ன கணக்கு இங்கேதான் வேலை செய்கிறது.

முடிவு 27–6. நான்கு டச்டவுன், அவற்றுக்குப் பிறகு மூன்று உதை. டச்டவுன்களில் மூன்றைப் போட்டவர் அலெக்ஸ் ஆர்காசா. தோர்ப்பைத் தடுப்பதிலேயே எதிரணி கவனமாக இருந்தபோது மற்றவர்களுக்கு வழி திறந்தது. அதனால் டச்டவுன் போட்டவர் பட்டியலை மட்டும் பார்த்து அந்த நாளில் தோர்ப் என்ன செய்தார் என்று சொல்ல முடியாது. ராணுவ அணித் தலைவர் லேலண்ட் டெவோர் கையனை அடித்ததற்காக வெளியேற்றப்பட்டார்.

அந்த ராணுவ அணியில் ஆடிய ஒரு மாணவர் டுவைட் ஐசன்ஹோவர். நாற்பது ஆண்டுகள் கழித்து அமெரிக்க அதிபர் ஆனவர். தோர்ப்பைப் போல ஒரு ஆட்டக்காரரைத் தான் பார்த்ததில்லை என்று பிற்காலத்தில் அவர் சொன்னார். அடுத்த வாரம் டஃப்ட்ஸ் கல்லூரியோடு ஆடியபோது ஐசன்ஹோவரின் முழங்கால் கெட்டுப்போனது. அதோடு அவருடைய கால்பந்து முடிந்தது.

அடுத்த சனிக்கிழமை

இந்த வெற்றியோடு கதையை நிறுத்திவிடுவார்கள் பலர். சீசன் நிற்கவில்லை. ஏழே நாளில், நவம்பர் 16 அன்று பிலடெல்பியாவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திடம் கார்லைல் 34–26 என்று தோற்றது. அந்த ஆண்டு நான்கு ஆட்டங்களில் தோற்ற அணி அது! அதற்கடுத்த வாரம் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்எம்சிஏ பயிற்சிக் கல்லூரியோடு 30–24 என்று மூச்சுப் பிடித்துத் தப்பியது. கூடைப்பந்து பிறந்த இடம் அந்தக் கல்லூரிதான். கடைசியாக நவம்பர் 28 அன்று பிரவுன் பல்கலைக்கழகத்தை 32–0 என்று வீழ்த்தி சீசனை முடித்தது.

முதல் பத்து ஆட்டத்தில் கொடுத்த புள்ளிகளை எண்ணினால் 50. கடைசி நான்கில் மட்டும் 64. எதிரணிகள் பலமானவை என்பது ஒரு காரணம். பயணமும் களைப்பும் இன்னொரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

சாம்பியன் யார்?

இறுதிப்போட்டி இல்லாத இடத்தில் சாம்பியன் எப்படி வருவார்? அன்று பத்திரிகைகளும் அறிஞர்களும் தங்கள் கருத்தைச் சொல்வார்கள். வால்டர் கேம்ப் என்ற ஆட்ட அறிஞர் ஆண்டுதோறும் நாட்டின் சிறந்த பதினொரு பேரைத் தேர்ந்தெடுப்பார். 1911, 1912 இரண்டிலும் தோர்ப் அதில் இருந்தார். அணிகளுக்கு அப்படி ஒரு பொதுவான முடிவு கிடையாது. 1912-ன் சாம்பியன் என்று இன்று புத்தகங்களில் பார்ப்பதெல்லாம் பல ஆண்டுகள் கழித்து, பின்னோக்கிப் பார்த்துக் கொடுத்த பட்டங்கள். அப்படிப் பட்டம் கொடுத்தவர்கள் பெரும்பாலும் ஹார்வர்டைச் சொல்கிறார்கள். ஒன்பது ஆட்டம், ஒன்பது வெற்றி. பென்சில்வேனியா ஸ்டேட் கல்லூரியும் எட்டுக்கு எட்டு வென்றது. இரண்டும் ஒன்றோடொன்று ஆடவில்லை.

ஆடிய ஆட்டங்களை வைத்து ஒப்பிடலாமே என்று கேட்கலாம். முயன்று பாருங்கள். பிரவுன் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தை 30–7 என்று வென்றது. அந்தப் பென்சில்வேனியா கார்லைலை வென்றது. அந்தக் கார்லைல் பிரவுனை 32–0 என்று வென்றது. வட்டமாகச் சுற்றி, தொடங்கிய இடத்துக்கே வருகிறது. நாடெங்கும் நூற்றுக்கணக்கான அணிகள், ஒவ்வொன்றும் ஆடியது பத்துச் சொச்சம் ஆட்டம். அதை வைத்து ஒரே வரிசையில் அடுக்க முடியாது. ஆகவே கார்லைல் தேசிய சாம்பியன் என்ற வரி சரியல்ல. ஒன்றில் தோற்று ஒன்றைச் சமன் செய்த ஒரு தொழிற்பள்ளி, நாட்டிலேயே அதிகப் புள்ளி குவித்த அணிகளில் ஒன்றாக நின்றது என்பதுதான் உண்மை. எனக்கு அந்த உண்மை பட்டத்தைவிடப் பெரியதாகத் தெரிகிறது.

பணம், பதக்கம்

பிரவுன் ஆட்டம்தான் கார்லைலுக்காகத் தோர்ப் ஆடிய கடைசி ஆட்டம். அந்தச் சீசனில் அவர் 25 டச்டவுன் போட்டார், மொத்தம் 198 புள்ளி எடுத்தார் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு.

இரண்டு மாதத்துக்குள், 1913 ஜனவரியில், ஒரு செய்தி வெளியானது. 1909, 1910 கோடைகளில் வடக்கு கரோலினாவில் அவர் சம்பளம் வாங்கிக்கொண்டு பேஸ்பால் ஆடியிருக்கிறார் என்று. ஒலிம்பிக் அன்று 'அமெச்சூர்' என்பவர்களுக்கு மட்டும். அதாவது விளையாட்டுக்காகக் கூலி வாங்காதவர்களுக்கு. தோர்ப் வாங்கியது சொற்பத் தொகை. பள்ளி நிர்வாகமும் வார்னரும் தங்களுக்கு எதுவும் தெரியாது என்றார்கள். தோர்ப்பின் இரு பதக்கங்களும் பறிக்கப்பட்டன.

இங்கே முன்பு சொன்ன வசூலை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். ஊர் ஊராகப் போய் அந்தப் பையன்கள் சம்பாதித்துக் கொடுத்த பணம் பள்ளியின் விளையாட்டு நிதியில் சேர்ந்துகொண்டிருந்தது. 1914-ல் அமெரிக்க காங்கிரஸின் விசாரணைக் குழு அந்த நிதியின் கணக்கைக் கேள்வி கேட்டது. பள்ளியின் கண்காணிப்பாளர் பதவி இழந்தார். வார்னர் அந்த ஆண்டு சீசன் முடிந்ததும் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். பள்ளி 1918-ல் மூடப்பட்டது.

தோர்ப் 1953-ல் இறந்தார். 1982-ல் ஒலிம்பிக் கமிட்டி அவர் பெயரை இரண்டாம் இடக்காரர்களோடு சேர்த்து, இணை வெற்றியாளர் என்று பட்டியலில் ஏற்றியது. 2022 ஜூலையில், ஸ்டாக்ஹோம் போட்டிகளுக்குச் சரியாக 110 ஆண்டு கழித்து, இரண்டு போட்டிகளுக்கும் அவர் ஒருவரே வெற்றியாளர் என்று அறிவித்தது.